கரை கண்ட காரிகையர்

"மலையுச்சியிலிருந்து தள்ளுங்கள்!" என்றது சட்டம்.

யாரை? கொலை புரிந்தவனையா? கொள்ளையடித்தவனையா? நாட்டைக் காட்டிக் கொடுத்த நயவஞ்சகனையா? இல்லை. விளையாட்டைக் காண வந்த பெண்ணை!

பண்டைக் கிரேக்கத்தில், ஒலிம்பியா எனும் ஊரில், நான்காண்டுக்கு ஒருமுறை ஆடவர் கூடி ஓடினர், மற்போர் புரிந்தனர், தேர் செலுத்தினர். அவ்விழா நாட்களில் மணமான பெண் ஒருத்தி அங்கே காணப்பட்டால், ஏன், அல்ஃபியஸ் ஆற்றைக் கடந்து வந்தாள் என்பது தெரிந்தால்கூட, தைபியான் என்ற மலையின் செங்குத்துப் பாறையிலிருந்து அவளைத் தள்ளிவிட வேண்டும் என்பது அந்நாட்டார் வகுத்த சட்டம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிவந்து எழுதிய பௌசானியஸ் என்பார் இதனைக் குறித்து வைத்துள்ளார்.

அவரே இன்னொரு செய்தியும் சொல்கிறார். கல்லிபதெய்ரா எனும் கைம்பெண் ஒருத்தி, தன் மகனைப் போட்டிக்கு அழைத்து வந்தாள். பயிற்சியாளன்போல் ஆணுடை தரித்து உள்ளே நுழைந்துவிட்டாள். மகன் வென்றான். தாயுள்ளம் தாங்குமா? வேலியைத் தாண்டிக் குதித்தாள். குதித்தபோது உடை விலகிற்று, உண்மை வெளிப்பட்டது. அவளுடைய தந்தை, உடன்பிறந்தார், மகன் ஆகிய எல்லோரும் ஒலிம்பியாவில் வாகை சூடியவர்கள் என்பதற்காக அவளை உயிரோடு விட்டார்கள். அதற்குப் பிறகு புதிய சட்டம் ஒன்று வந்தது. என்ன சட்டம் தெரியுமா? பெண்களும் இனி வரலாம் என்றா? இல்லை, பயிற்சியாளரும் இனி ஆடையின்றியே உள்ளே வரவேண்டும் என்று! கதவைத் திறக்கவில்லை, இருந்த இடுக்கையும் அடைத்தார்கள்.

அந்த மலை நிற்கும் அதே கிரேக்க மண்ணில், 2025-ஆம் ஆண்டு, பெண் ஒருவருக்குப் பெரியதொரு பொறுப்பு வந்து சேர்ந்தது. அது இன்னதென்பதை முடிவில் கூறுகிறேன். பாறையிலிருந்து அந்தப் பொறுப்பு வரை பெண்ணினம் கடந்துவந்த வழி நெடிது. அவ்வழியில் ஒரு பகுதியைப் பெண்கள் நடந்து கடக்கவில்லை, நீந்திக் கடந்தார்கள். அதிலும், மல்லாந்து நீந்திக் கடந்தார்கள். அந்த வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரை.

நம் ஊர்க் கிணற்றிலும் ஏரியிலும் பிள்ளைகள் மல்லாக்க நீந்துவது என்று சொல்கிறார்களே, அதைத்தான் உலகப் போட்டிகளில் 'பேக் ஸ்ட்ரோக்' என்கிறார்கள். மற்றப் போட்டிகளில் நீந்துவோர் மேடை மீதிருந்து பாய்வர். இதிலோ தண்ணீருக்குள்ளேயே இருந்து, கைப்பிடியைப் பற்றி, கால்களைச் சுவரில் ஊன்றிப் பின்புறமாகத் துள்ள வேண்டும். மற்றவற்றில் எதிர்ச்சுவர் கண்ணுக்குத் தெரியும், இதில் தெரியாது. கண் மேலே நோக்கும். தலையோ சுவரை நோக்கி விரையும். சுவருக்கு 5 மீட்டர் முன்னதாக, குளத்தின் குறுக்கே கொடிகள் கட்டியிருப்பார்கள். அவற்றைக் கண்டதும், இன்னும் எத்தனை கைவீச்சு என்று மனத்திற்குள் எண்ணிக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை தப்பினால் சுவரில் மோத நேரிடும். அஞ்சி வேகத்தைக் குறைத்தாலோ, வெற்றி கைநழுவும்.

காணாத கரையை நம்பி விரைவது! பெண்ணுரிமைக்காகப் பாடுபட்டோரின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேறு வேண்டுமோ?

* * *

ஒலிம்பிக் விழாவுக்கு மறுவாழ்வு தர 1894-இல் குழு அமைத்தவர் பியர் தெ கூபெர்த்தென் எனும் பிரெஞ்சுப் பெருமகன். கல்வியில் நாட்டம் கொண்டவர். நாடுகளுக்கிடையே நட்புறவு மலரவேண்டும் என விழைந்தவர். அவர்தம் தொண்டை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெண் என்ற பேச்சு வந்ததும் அந்த அறிவாளரின் அறிவு, பழைய தைபியான் பாறை மீது ஏறி நின்றுகொண்டது! 1896-இல் ஏதென்சில் நடந்த முதல் விழாவில் ஒரு பெண்கூடப் போட்டியிடவில்லை. 1900-இல் பாரிசில் டென்னிசும் கோல்ஃபும் ஆடச் சில பெண்கள் வந்தனர். அதற்குப் பிறகும், 1912-ஆம் ஆண்டிலேகூட, பெண்களுக்கான ஒலிம்பிக் நடைமுறைக்கு ஒவ்வாது, சுவையும் இராது, அழகும் இராது என்று எழுதினார் அவர். ஆடவர் வெல்ல வேண்டும். பெண்டிர் கைதட்ட வேண்டும். இதுவே அவர் கண்ட முறை.

அவர் அப்படி எழுதிய அதே 1912-இல், ஸ்டாக்ஹோம் நகரில், பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக் நீச்சலில் இறங்கினர். 100 மீட்டர் போட்டியில் முதலிடம் பெற்றவர் ஆஸ்திரேலிய நங்கை ஃபேனி டூராக். இரண்டாமிடம் பெற்றவரும் அந்நாட்டவரே, மினா வைலி. இவ்விருவரும் அங்கு வந்து சேர்ந்த கதை எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்கள் வாழ்ந்த நியூ சவுத் வேல்சில், ஆடவர் பார்வையாளராக இருக்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக்கூடாது என்று விதி இருந்தது. விதியை வகுத்தது ஆடவர் சங்கமன்று. பெண்கள் நீச்சற் சங்கமே! அதன் தலைவி ரோஸ் ஸ்காட், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய பெருமாட்டி. வாக்குச் சாவடிக்குப் பெண் போகலாம் என்றவர், நீச்சற் குளத்திற்குப் போகக்கூடாது என்றார். விலங்கு ஒன்றை உடைத்த கையே இன்னொரு விலங்கைப் பூட்டுகிறது! மக்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர், விதி தளர்ந்தது, ரோஸ் ஸ்காட் பதவி விலகினார். பயணச் செலவுக்குப் பொதுமக்கள் பணம் தந்தனர். நங்கையர் இருவரும் கடல் கடந்து சென்று வென்று வந்தனர்.

ஆனால் மல்லாந்த நீச்சல்? ஆடவர்க்கு அது 1900-ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட்டது. பெண்களோ மேலும் 24 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் இந்தத் தடை? நாணத்தைக் காக்க என்றார்கள். நாணத்தைக் காத்தவர்கள் உயிரைக் காத்தார்களா?

1904-ஆம் ஆண்டு ஜூன் 15. நியூயார்க் நகரின் கிழக்கு ஆற்றில் 'ஜெனரல் ஸ்லோகம்' என்ற நீராவிக் கப்பல் தீப்பற்றிக்கொண்டது. மாதாகோவில் ஒன்றைச் சேர்ந்தவர்கள் இன்பச் செலவுக்கெனப் புறப்பட்ட பயணம் அது. கப்பலில் இருந்தோருள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. மிதவை உடுப்புகள் மட்கிப் போயிருந்தன. மீட்புப் படகுகள் பயன்படவில்லை. நெருப்புக்கு அஞ்சி நீரில் குதித்தவர்களுக்கு நீந்தத் தெரியாது. கணுக்கால்வரை தொங்கிய கனத்த உடைகள் நீரைக் குடித்துக் கீழே இழுத்தன. இறந்தவர் 1,000 பேருக்கு மேல். ஆம், ஊரின் நடுவே ஓடும் ஆற்றில்! பெண்ணுக்கு நீச்சல் கற்பிக்காதது ஒழுக்கம் என்று கருதிய நாகரிகம், அந்த ஒழுக்கத்துக்கு எத்தனை தாய்மாரைப் பலி கொடுத்தது!

இத்தகைய கொடுமைகள் சிலர் கண்ணைத் திறந்தன. நீதிமன்றச் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றிய சார்லட் எப்ஸ்டைன் எனும் மங்கை, 1917-இல் நியூயார்க்கில் பெண்கள் நீச்சற் சங்கம் ஒன்றை நிறுவினார். அச்சங்கத்தில் பயின்ற கெர்ட்ரூட் எடர்லி, 1926-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதற்குமுன் கடந்த ஆடவர் அனைவரைவிடவும் குறைந்த நேரத்தில் கடந்தார். உயிர் காக்கக் கற்ற கலை, உரிமை காக்கும் படையாயிற்று.

* * *

இனி, இந்த வரலாற்றின் முதல் நாயகியைக் காண்போம்.

சிக்காகோ நகரத்துப் பெண். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவி. பெயர் சிபில் பவர். 1922-ஆம் ஆண்டு, பெர்முடா தீவில், 440 கெசத் தொலைவை மல்லாந்து நீந்தினார். எடுத்துக்கொண்ட நேரம் 6 நிமிடம் 24.8 விநாடி. அப்பொழுது ஆடவருக்கான உலகச் சாதனை எவ்வளவு? 6 நிமிடம் 28 விநாடி! ஆடவர் சாதனையை மூன்று விநாடிக்கு மேல் விஞ்சிவிட்டார் பெண்!

ஏட்டில் பதிந்தார்களா? இல்லை. அந்தப் போட்டி முறைப்படி ஒப்புதல் பெற்றது அன்று என்று காரணம் கூறப்பட்டது. விதி விதிதான், அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கடிகாரம் ஒன்று இருக்கிறதே, அதற்கு ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமை தெரியாது. சாத்திரம் படித்ததில்லை அது; சம்பிரதாயம் அறியாது; முகம் பார்க்காது. முள் நின்ற இடம்தான் அதன் தீர்ப்பு. பெண்ணின் ஆற்றலுக்கு நூற்றாண்டுகளாகக் கிடைக்காத நடுநிலைச் சான்று, அந்தச் சிறு கருவியிடமிருந்து கிடைத்தது.

இரண்டாண்டு கழித்து, 1924-இல், ஒலிம்பிக் விழா பாரிசில் கூடிற்று. கூபெர்த்தென் பிறந்த ஊர். அவரே குழுத் தலைவராகப் பொறுப்பில் இருந்த நேரம். அவ்வூரில், அவர் காலத்திலேயே, பெண்களுக்கான 100 மீட்டர் மல்லாந்த நீச்சல் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நடைபெற்றது. சிபில் பவர் வென்றார்: 1 நிமிடம் 23.2 விநாடி. இரண்டாமவராக வந்த பிரிட்டனின் ஃபிலிஸ் ஹார்டிங்குக்கும் அவருக்கும் இடைவெளி நான்கு விநாடிக்கு மேல்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் இதே தொலைவில், இதே நீச்சலில் தங்கம் வென்ற ஆடவர் ஜெர்மனியின் ஆர்னோ பீபர்ஸ்டைன். அவருடைய நேரம் 1 நிமிடம் 24.6 விநாடி. பதினாறே ஆண்டுகளில், ஆடவர் தலைவனின் நேரத்தைப் பெண்ணொருத்தி கடந்துவிட்டாள்!

"இடைக்காலத்தில் நீந்தும் முறை வளர்ந்துவிட்டது, அதனால்தான்" என்பீர்கள். அதையேதான் நானும் சொல்கிறேன். வளர்ந்தது முறை, பெருகியது பயிற்சி, கிடைத்தது வாய்ப்பு. ஆணைவிடப் பெண் வலியவள் என்று வாதாடுவது என் நோக்கமன்று. ஒரே ஆண்டில் ஆடவர் நேரத்தையும் பெண்டிர் நேரத்தையும் ஒப்பிட்டால் ஆடவர் முந்துவது வழக்கம். 1924-இலும் ஆடவர் போட்டியில் வென்ற வாரன் கேலோகா 1 நிமிடம் 13.2 விநாடியில் முடித்தார். ஆனால், "பெண்ணின் இயற்கை எல்லை இது, இதற்கு மேல் அவளால் ஆகாது" என்று கோடு கிழித்தார்களே, அந்தக் கோடு இயற்கை கிழித்ததன்று, பழக்கம் கிழித்தது. இயற்கை கிழித்த கோடாக இருந்தால் பதினாறு ஆண்டில் அழியுமா?

சிபில் பவர் நெடுநாள் வாழவில்லை. 1927-இல், 23-ஆம் வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் திறந்துவிட்ட வழியில் மற்றவர் வந்தனர்.

1928-இல் ஆம்ஸ்டர்டாமில் டச்சு மங்கை மரீ பிரௌன் வென்றார். அவருக்குப் பயிற்சி அளித்தவர் அவருடைய அன்னையே. 1936-இல் பெர்லினில் வென்றவர் இன்னொரு டச்சு மங்கை, நீடா சென்ஃப். பாதி வழியில் திரும்பும்போது அவர் கை சுவரைத் தொடவில்லை. தொடாமல் திரும்பினால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்பது அக்கால விதி. உடனே பின்னோக்கிச் சென்று சுவரைத் தொட்டார், மீண்டும் விரைந்தார், முன்னே போனவர்களையெல்லாம் பிடித்து முதலாவதாகவே வந்தார்! இழந்த நேரத்தை எண்ணிக் கலங்காமல், நேர்மையான வழியிலேயே மீட்டெடுக்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் எந்த நூலில் உண்டு?

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் குளத்தின் கதவு திறந்துவிட்டதா? 1952-இல் ஹெல்சிங்கியில் இப்போட்டியில் தங்கம் வென்றவர் தென்னாப்பிரிக்கச் சிறுமி ஜோன் ஹாரிசன். அவருடைய வெற்றி மெய்யானது, அதில் மாசில்லை. ஆனால் அவர் நாடு திரும்பிய மறு ஆண்டில், 1953-இல், பொது இடங்களை நிறத்திற்கேற்பப் பிரிக்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறிற்று. வெள்ளைச் சிறுமி நீந்திய குளத்தின் பக்கம் கறுப்புச் சிறுமி நெருங்கவும் முடியாது. தண்ணீருக்கு நிறமில்லை; தண்ணீருக்குக் காவல் நின்றவன் கண்ணில் நிறம் இருந்தது! பெண் என்பதற்காக அடைத்த கதவைத் திறந்துவிட்டு, பிறப்பு என்பதற்காக மற்றொரு கதவை அடைப்பது விடுதலையாகாது. குளத்தில் தீட்டுப் பார்ப்பவன் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே இனத்தவன்தான்.

* * *

1973-ஆம் ஆண்டு பெல்கிரேடு நகரில் முதலாவது உலக நீச்சற் போட்டி நடந்தது. மகளிர் மல்லாந்த நீச்சலில் 100 மீட்டரைக் கிழக்கு ஜெர்மனியின் உல்ரிக் ரிக்டரும், 200 மீட்டரை அமெரிக்காவின் மெலிசா பெலோட்டும் வென்றனர். அதன்பின் வந்த ஆண்டுகளில் கிழக்கு ஜெர்மனியின் கொடியே மீண்டும் மீண்டும் உயர்ந்தது. 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மகளிர் நீச்சலுக்கு இருந்த 13 தங்கங்களில் 11 அந்நாட்டுக்கே போயின. மல்லாந்த நீச்சல் இரண்டிலும் முதலிரண்டு இடமும் அந்நாட்டினர்க்கே. இரண்டிலும் மூன்றாமிடம் பெற்றவர் கனடாவின் 14 வயதுச் சிறுமி நான்சி காரபிக்.

உலகம் வியந்தது. பெண்ணுக்கு ஒரு நாடு இவ்வளவு ஊக்கம் தருகிறதே என்று பாராட்டினோரும் உண்டு. ஆனால் 1990-இல் இரு ஜெர்மனிகளும் ஒன்றாயின. மூடிக் கிடந்த கோப்புகள் திறந்தன. மூடியிருந்த உண்மையும் வெளிவந்தது. அரசே திட்டமிட்டு, விளையாட்டுப் பயிற்சி பெற்ற இளம் பெண்களுக்கு, ஆண்தன்மை ஊட்டும் மருந்துகளைக் கொடுத்து வந்திருக்கிறது. சத்து மாத்திரை என்று சொல்லிச் சிறுமியர் கையில் கொடுத்திருக்கிறார்கள். பெற்றோர்க்குத் தெரியாது, விழுங்கிய பிள்ளைக்கும் தெரியாது.

1980-இல் மாஸ்கோவில் மல்லாந்த நீச்சல் இரண்டிலும், தொடர் நீச்சலிலும் ஆக மூன்று தங்கம் வென்றவர் ரிக்கா ரைனிஷ் என்ற 15 வயதுச் சிறுமி. வெற்றி முழக்கம் ஓயுமுன்னே உடல்நலம் கெட்டது. பெண்மைக்குரிய உறுப்புகள் பழுதுற்றன. இளமையிலேயே போட்டியை விட்டு விலகினார். பின்னாளில், தமக்கு இழைக்கப்பட்டதை உலகறிய எடுத்துரைத்தவர்களுள் அவரும் ஒருவர். 2000-ஆம் ஆண்டு பெர்லின் நீதிமன்றம், அந்நாட்டு விளையாட்டுத் துறைத் தலைவராக இருந்த மான்ஃபிரட் எவால்டையும், மருத்துவர் மான்ஃபிரட் ஹப்னரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. ஆனால் அவர்கள் சிறைக்குச் செல்ல வேண்டியிராத தண்டனையே கிடைத்தது.

இங்கேதான் நாம் நின்று எண்ணவேண்டும். பெண்ணை வீட்டிற்குள் பூட்டி வைத்தவன், "உன் உடல் உனக்குரியதன்று; குடும்பத்தின் மானத்துக்குரியது" என்றான். பெண்ணைக் குளத்தில் இறக்கி மருந்து கொடுத்தவன், "உன் உடல் உனக்குரியதன்று, நாட்டின் மானத்துக்குரியது" என்றான். பூட்டு மாறிற்று, சாவி அவள் கைக்கு வரவில்லையே! மேடையில் ஏற்றிப் பதக்கம் சூட்டுவது மட்டும் விடுதலையன்று. அந்த மேடையில் நிற்கும் உடல் யாருடையது என்ற கேள்விக்கு, "என்னுடையது" என்று அவளே விடை கூறும் நாள்தான் விடுதலை நாள்.

அவ்விடை மெல்ல மெல்ல எழுந்தது. 2016-இல் ரியோ நகரில், 100 மீட்டர் மல்லாந்த நீச்சலில் வெண்கலம் பெற்ற சீன நங்கை ஃபூ யுவான்ஹுயி, தொடர் நீச்சலில் தம் அணி நான்காவதாக வந்ததும், ஒலிவாங்கி முன் நின்று, முதல்நாள் இரவு தமக்கு மாதவிலக்குத் தொடங்கியது என்றும், அதனால் களைப்பாக இருந்தது என்றும், ஆயினும் அதைச் சாக்காகக் கூறப்போவதில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். கோடிக்கணக்கானோர் கேட்டனர். அந்நாளிலும் தண்ணீரில் இறங்கலாம் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது! மூலையில் உட்காரவைத்துத் தீட்டென்று ஒதுக்கிய ஒன்றை, நீந்தி முடித்த ஈரத்தோடு, நாணமின்றி, அச்சமின்றி, ஒரு பெண் உடல்நலச் செய்தியாகச் சொன்னாள். ஏடுகள் நூறு எழுதியும் அசையாத மடமை, அந்த ஒரு வாக்கியத்தில் சற்றே அசைந்தது.

* * *

உலகப் போட்டியில் இந்நீச்சலில் வென்ற இரு பெண்களின் வாழ்வைக் கூறி, தொடக்கத்தில் கொடுத்த வாக்கையும் நிறைவேற்றுகிறேன்.

ஒருவர் ரொக்சானா மராசினேனு. ருமேனியாவில் பிறந்து, குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறிப் பிரான்சில் வளர்ந்தவர். 1998-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்த உலகப் போட்டியில் 200 மீட்டரை 2 நிமிடம் 11.26 விநாடியில் நீந்தி வென்றார். நீச்சலில் பிரான்சு பெற்ற முதல் உலக வாகை அதுவே. அகதியாக வந்த பிள்ளை, அடைக்கலம் தந்த நாட்டுக்கு அளித்த காணிக்கை! 2018-இல் அவரே அந்நாட்டின் விளையாட்டுத் துறை அமைச்சரானார். அமைச்சராகி அவர் முதன்மையாக மேற்கொண்ட பணிகளுள் ஒன்று, சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு நீரில் அச்சம் போக்கி, மூழ்கிச் சாவதைத் தடுக்கும் திட்டம். பதக்கம் வென்ற கை, பிள்ளைகளைக் கரையேற்றும் கையாயிற்று. 1904-இல் கிழக்கு ஆற்றில் மாண்ட தாய்மாரை எண்ணுங்கள். இந்தத் திட்டத்தின் அருமை விளங்கும்.

மற்றவர் கிர்ஸ்டி கவெண்ட்ரி. ஆப்பிரிக்காவில், சிம்பாப்வே நாட்டின் தலைநகரான ஹராரேயில், 1983-இல் பிறந்தவர். 2004-இல் ஒலிம்பிக் விழா அதன் தாயகமான கிரேக்கத்துக்குத் திரும்பியபோது, ஏதென்சில் 200 மீட்டர் மல்லாந்த நீச்சலில் தங்கம் வென்றார். 2005-இல் மாண்ட்ரியல் உலகப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டிலும் வென்றார். 2008-இல் பெய்ஜிங்கில் 200 மீட்டர்த் தங்கத்தை மீண்டும் பெற்றார். 2009-இல் ரோமாபுரி உலகப் போட்டியில் அதே தொலைவை 2 நிமிடம் 4.81 விநாடியில் முடித்துப் புதிய உலகச் சாதனை நிறுவினார். வெள்ளை நிறத்தவர், ஆனால் அவர் பதக்கத்தோடு வந்தபோது கறுப்பு மக்கள் திரண்டு வந்து, எங்கள் பெண் என்று கொண்டாடினர். கதவை அடைத்தவர்களின் நிறத்தைச் சேர்ந்தவளாயிற்றே என்று கணக்குப் பார்க்காத அந்தப் பெருந்தன்மையையும் வரலாறு குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் 2018-இல் அந்நாட்டின் விளையாட்டுத் துறை அமைச்சரானார். அவர் இடம்பெற்ற ஆட்சியைக் குறை கூறுவோர் உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை.

2025-ஆம் ஆண்டு மார்ச் 20. கிரேக்க நாட்டின் பெலப்பொனீசுப் பகுதி. ஒலிம்பியா இருப்பதும், தைபியான் பாறை இருந்ததும் அந்தப் பகுதியிலேதான். அங்கே உலக ஒலிம்பிக் குழு கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தது. எழுவர் போட்டியிட்டனர், அறுவர் ஆடவர், ஒருவர் பெண். 97 வாக்குகளில் 49 பெற்று, முதற்சுற்றிலேயே வென்றவர் அந்த ஒருவர்: கிர்ஸ்டி கவெண்ட்ரி! அக்குழுவின் முதற்பெண் தலைவர். ஆப்பிரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முதல் தலைவரும் அவரே. 1894-இல் தோன்றிய அக்குழுவில், பெண்ணொருத்தி உறுப்பினராக நுழையவே 1981 வரை காலம் பிடித்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வேலி தாண்டிக் குதித்ததற்காகக் கல்லிபதெய்ராவை விசாரித்த நிலத்தில், கூபெர்த்தென் அமர்ந்த நாற்காலியில், பெண்ணை அமர்த்தினார்கள். பாறை எங்கே? பாறையிலிருந்து தள்ளச் சொன்ன ஆணை எங்கே?

பாரிசுக்கும் ஒருமுறை போய்வருவோம். 1924-இல் சிபில் பவர் 1 நிமிடம் 23.2 விநாடியில் நீந்திய அதே நகரில், சரியாக நூறாண்டு கழித்து, 2024-இல் ஆஸ்திரேலியாவின் கெய்லி மெக்கியோன் அதே 100 மீட்டரை 57.33 விநாடியில் முடித்தார். அதே ஆண்டு ஜூன் திங்களில் அமெரிக்காவின் ரீகன் ஸ்மித் 57.13 விநாடியில் முடித்திருந்தார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஆடவர் தங்கம் பெற்ற ரோலண்ட் மத்தேஸ் எடுத்துக்கொண்ட நேரம் 58.7 விநாடி என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கோடு மீண்டும் அழிந்திருக்கிறது. எந்தக் கோட்டையும் "இதுவே பெண்ணின் எல்லை" என்று எழுதுபவர்கள், தண்ணீரின் மேல் எழுதுகிறார்கள்.

நூறாண்டில் குறைந்தது ஏறத்தாழ 26 விநாடி. அந்த 26 விநாடிக்குள் எத்தனை பேரின் உழைப்பு! விதியை எதிர்த்து எழுந்த குரல்கள் எத்தனை! பதியப்படாத சாதனைகள் எத்தனை! பழுதுபட்ட இளம் உடல்கள் எத்தனை! கடிகாரம் விநாடியை மட்டுமே காட்டும். அதன் பின்னாலுள்ள கண்ணீரையும் வியர்வையையும் காட்டுவது வரலாற்றின் கடமை.

உலக அரங்கைப் பற்றிப் படித்துவிட்டோம். ஏட்டை மூடுமுன் ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டுச் சிறுவனுக்கு நீந்தத் தெரியும். கிணற்றடியில் யாரோ கற்றுக் கொடுத்திருப்பார்கள். உங்கள் வீட்டுச் சிறுமிக்கு?

தெரியாது என்றால், அவளை ஒலிம்பிக்குக்கு அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. மல்லாந்து மிதக்கவாவது கற்றுக் கொடுங்கள். முகம் மேலே இருக்கும். மூச்சு தன் வசம் இருக்கும். வானம் கண்ணுக்குத் தெரியும். கரை தெரியாவிட்டாலும் கவலையில்லை. கை வீசத் தெரிந்தவள் கரை சேர்ந்துவிடுவாள்.